மில்ட் ஹிண்டனின் நான்கு தந்திகள்

1958 பிப்ரவரியில் பில்லி ஹாலிடே நியூயார்க்கில் 'லேடி இன் சாட்டின்' இசைத்தட்டுக்காகப் பாடினார். குரல் உடைந்துபோயிருந்தது, பின்னால் ரே எல்லிஸ் நடத்திய பெரிய தந்தி வாத்தியக் குழு. அதே ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி, அதே நகரில், ஜார்ஜ் ரஸ்ஸல் தமது 'நியூயார்க், என்.ஒய்.' தொகுப்பின் முதல் உருப்படியைப் பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேனும் பில் எவன்ஸும் அதில் வாசித்தார்கள். அன்றைய ஜாஸில் மிகப் புதுமையான இசையமைப்புகளில் அது ஒன்று. 1964 மே 21இல் டிரிஃப்டர்ஸ் குழு 'அண்டர் த போர்ட்வாக்' என்ற ஜனரஞ்சகப் பாட்டைப் பதிவு செய்தது. 1988இல், முப்பது வயதுகூட ஆகாத சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபர்ட் மார்சலிஸ் 'ட்ரியோ ஜீப்பி' என்ற இசைத்தட்டுக்காக மூவர் குழு ஒன்றைக் கூட்டினார். இந்த நான்கு இடங்களிலும் பாஸ் வாத்தியத்தோடு நின்றவர் ஒருவரே: மில்ட் ஹிண்டன். நான்கும் நான்கு வகை இசை. நான்கையும் கேட்கும் கூட்டமும் வேறு வேறு. ஆனால் ஜாஸ் வரலாறு எழுதுபவர்கள் பாஸ் வாத்தியத்துக்கு வரும்போது முதலில் சொல்லும் பெயர்கள் ஜிம்மி பிளான்ட்டன், சார்லஸ் மிங்கஸ் போன்றவர்களுடையவை. ஹிண்டனுக்குப் பெரும்பாலும் மரியாதையான ஒரு பத்தி கிடைக்கும். எல்லாருடனும் வாசித்தவர் என்ற வரியோடு அது முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தையே கலைஞனின் அளவுகோலாக வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் பக்கவாத்தியமாக நின்றவரை எடைபோடும் பிழை அது. ஹிண்டனின் பன்முகத் திறன் அவருடைய கலையின் மேற்பூச்சு என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திறனே அவருடைய கலை. அது பிறவியில் வந்ததும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர் ஒருவர் முன்னால் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டபோது, அடைபட்ட ஒவ்வொன்றுக்கும் பதிலாக அவர் கற்றுக்கொண்டவை ஒன்றுசேர்ந்து அப்படி ஒரு திறனாயின. அந்தத் திறன் உருவான வழியைப் பார்க்காமல் ஹிண்டனைப் புகழ்ந்தாலும் குறைத்துச் சொன்னாலும் இரண்டும் அரைகுறையாகவே இருக்கும்.

ஹிண்டன் 1910 ஜூன் 23இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவரை வளர்த்தவர்களில் ஒருவரான பாட்டி, அடிமையாகப் பிறந்தவர். அந்த ஊரில் ஒரு கறுப்பின மனிதரைக் கூட்டம் தூக்கிலிட்டுக் கொன்றதைச் சிறுவயதில் கண்ணால் கண்டதாக ஹிண்டன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1919இல் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கு நகரங்களை நோக்கிப் போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. பதின்மூன்றாவது வயதில் கைக்கு வயலின் வந்தது. நான்கு ஆண்டுகள் முறையாகப் பாடம். அன்றைய சிகாகோவில் கறுப்பின வயலின் கலைஞனுக்குச் சம்பளம் தரும் இடம் என்று உறுதியாக ஒன்றைத்தான் சொல்ல முடியும்: மௌனப் படத்துக்குப் பின்னணி வாசிக்கும் திரையரங்க இசைக்குழு. சிம்ஃபனி இசைக்குழுக்களில் அவர்களுக்கு இடமில்லை. சிகாகோ சிம்ஃபனியில் முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் உறுப்பினரானது 2002இல்தான் என்பதைச் சொன்னால், அந்தக் கதவு எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது என்பது விளங்கும். இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமே நிறத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தது: வெள்ளையருக்கு எண் 10, கறுப்பினத்தவருக்கு எண் 208. அவை இரண்டும் ஒன்றானது 1966இல். 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது; அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பேசும் படம் திரையரங்க இசைக்குழுக்களைத் துடைத்துப்போட்டது. பதினேழு, பதினெட்டு வயது ஹிண்டனுக்குக் கையிலிருந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிற்று. நடன அரங்குகளில் ஆள் தேவைப்பட்ட இடம் தாழ்சுருதிப் பக்கம்: ட்யூபாவும் டபுள் பாஸும். அவர் அங்கே போனார்.

வயலினிலிருந்து பாஸுக்குப் போவது வாத்தியத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் காரியம் மட்டுமில்லை. வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர்; டபுள் பாஸில் 105 சென்டிமீட்டருக்குப் பக்கம். திறந்த தந்தியிலிருந்து அடுத்த அரை ஸ்வரத்துக்கு வயலினில் இரண்டு சென்டிமீட்டருக்குள் விரல் போய்விடும். பாஸில் ஆறு சென்டிமீட்டர் போக வேண்டும். வயலின் தந்திகளைப் பஞ்சம இடைவெளியில் சுருதி கூட்டுவார்கள், பாஸ் தந்திகளை மத்தியம இடைவெளியில். ஆகவே கை பழகிய வழித்தடங்கள் எல்லாம் குழம்பிப்போகும். ஆனால் காது பழகியது வீணாகாது. தடம் காட்டும் கட்டைகள் இல்லாத கழுத்தில் ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடிப்பது, வில்லின் எடையைக் கட்டுப்படுத்துவது, எழுதிவைத்த நோட்ஸைப் பார்த்தவுடன் வாசிப்பது ஆகிய மூன்றும் வயலின் பாடத்திலிருந்து ஹிண்டனுக்கு அப்படியே வந்து சேர்ந்தன. அந்தத் தலைமுறையின் பாஸ் கலைஞர்கள் பலர் காதால் கேட்டே வாசித்துப் பழகியவர்கள். ஹிண்டனிடம் காதும் இருந்தது, ஏடும் இருந்தது. கால் நூற்றாண்டு கழித்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குச் சோறு போட்டது இந்த இரட்டைப் பயிற்சிதான். எந்த மேடையும் கேட்காத நாளில் கற்றது, வேறொரு மேடை கேட்ட நாளில் உதவிற்று.

1930 நவம்பரில், டைனி பார்ஹம் குழுவில் ட்யூபா வாசித்ததுதான் அவருடைய முதல் ஒலிப்பதிவு. பிறகு வயலின் கலைஞர் எட்டி சவுத்தின் குழு. சவுத் செவ்வியல் பயிற்சி பெற்றவர். கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் செவ்வியல் மேடை கிடைக்காமல் ஜாஸுக்கு வந்தவர். அவருடைய நளினமான இசைக்கு ஈடுகொடுக்க நிதானமும் சுத்தமும் வேண்டியிருந்தன. 1936இல் பாடகர் கேப் காலோவேயின் குழுவில் சேர்ந்ததும் தேவை தலைகீழாயிற்று. பெரிய நடன அரங்கு, பித்தளை வாத்தியங்களின் முழக்கம், பாஸுக்கென்று ஒலிபெருக்கி கிடையாது. ஆட்டுக்குடல் தந்தியை இழுத்து விட்டு, அது கழுத்துப் பலகையில் மோதித் தெறிக்கும் ஓசையையும் உள்ளங்கையால் அறையும் ஓசையையும் தாளமாகக் கோக்கும் 'ஸ்லாப்' முறை அந்தச் சூழலுக்கு ஏற்றது. ஹிண்டன் அதில் கைதேர்ந்தவர். 1939இல் காலோவே குழு பதிவு செய்த 'பிளக்கின் த பாஸ்' முழுக்க அவரை முன்னிறுத்தியது. அந்த ஆண்டே குழுவில் ஓர் இளம் டிரம்பெட் கலைஞர் சேர்ந்தார்: டிஸ்ஸி கில்லெஸ்பி. நிகழ்ச்சிகளுக்கு நடுவில் காட்டன் கிளப்பின் மொட்டை மாடிக்கு ஏறி இருவரும் சாதகம் செய்வார்கள். கில்லெஸ்பி புதிய கார்டு மாற்றங்களை வாசித்துக் காட்டுவார், ஹிண்டன் அவற்றுக்குக் கீழே நடக்க வேண்டிய ஸ்வரங்களைத் தேடுவார். தன்னைவிட ஏழு வயது சின்னவரிடம், தான் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த பாணிக்கு மாறான ஒன்றை அவர் படித்தார். கில்லெஸ்பி பின்னர் பீபாப் என்ற புதிய ஜாஸ் இயக்கத்தின் முகமானார். ஹிண்டன் அந்த இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக எண்ணப்படவில்லை. ஆனால் அந்த மொழி அவருக்குப் புரியும். அடுத்து எது வந்தாலும் அது அவருக்கு அந்நியமாக இருக்கவில்லை.

பதினைந்து ஆண்டு காலோவேயுடன் கழித்த பிறகு அந்தக் கதவும் அடைபட்டது. பெரிய குழுக்களை வைத்துச் சம்பளம் கொடுக்க யாராலும் முடியாத காலம் வந்துவிட்டது. 1950களின் தொடக்கத்தில் நாற்பது வயது தாண்டிய ஹிண்டன் நியூயார்க்கில் நாள்கணக்கு வேலை தேடினார். கவுண்ட் பேஸியுடன் கொஞ்ச நாள், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குழுவில் கொஞ்ச காலம். உறுதியான வருமானம் இருந்த இடம் ஒலிப்பதிவுக் கூடம். அங்கே நிரந்தரமாக அழைக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளையர்கள். நகைச்சுவை நடிகரும் மெல்லிசைத் தட்டுகள் வெளியிட்டவருமான ஜாக்கி கிளீசன் பழைய அறிமுகத்தில் ஹிண்டனைத் தம் ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்டார். அதன்பின் வரிசையாகக் கால்ஷீட் வந்தது. இந்த இடத்தில் ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். ஹிண்டனின் வாழ்க்கையைத் திருப்பியது பிரபலம் ஒருவரின் தயவு. திறமையைக் காரணம் காட்டுவது பிற்காலத்து அலங்காரம் என்று சொல்லலாம். கிளீசன் இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு தள்ளிப்போயிருக்கும், வராமலே போயிருக்கவும் கூடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தயவு ஒரு நாள் கூப்பிட வைக்கும். இருபது ஆண்டு தொடர்ந்து கூப்பிட வைக்காது. சங்க ஒப்பந்தப்படி ஒரு கால்ஷீட் மூன்று மணி நேரம். அதற்குள் நான்கு பாட்டு முடிய வேண்டும். நோட்ஸை அங்கேயே அப்போதுதான் தருவார்கள். ஒருவர் தவறினால் அறையிலுள்ள முப்பது நாற்பது பேரும் மறுபடி வாசிக்க வேண்டும். மணி ஏறினால் நிறுவனத்துக்குக் காசு. அந்த அறையில் தயவு ஒரு வாரம்கூடத் தாங்காது. இன்னொன்றும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருந்த வெள்ளைக் கலைஞர் சுமாராக வாசித்த நாள் மறக்கப்படும். புதிதாக நுழைந்த கறுப்பினக் கலைஞர் சுமாராக வாசித்த நாள் அவருடைய இனம் முழுவதற்கும் எதிரான சாட்சியாகும். ஆகவே ஹிண்டனிடம் கேட்கப்பட்ட பன்முகத் திறன் மற்றவர்களிடம் கேட்கப்பட்டதைவிட அதிகம். அதை அவருடைய பெருமையாகச் சொல்லும்போதே, அந்த அளவுகோலின் அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. எல்லாருக்கும் ஏற்றபடி வாசிக்கிறவருக்குச் சொந்தக் குரல் எது? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மிங்கஸை அடையாளம் சொல்லிவிடலாம். ஹிண்டனைச் சொல்ல முடியுமா? இதற்குப் பதில் தட்டுகளில்தான் இருக்கிறது. 'லேடி இன் சாட்டின்' பாட்டுகளில் ஹாலிடே தாளத்துக்குப் பின்தங்கியே நடக்கிறார். சில சொற்களைக் கிட்டத்தட்ட பேசிவிடுகிறார். மேலே வயலின்கள் மிதக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் ஹிண்டன் மிகக் குறைவாக வாசிக்கிறார்: நீண்ட ஸ்வரங்கள், பாடகி எங்கே தயங்கினாலும் கீழே தரை இருக்கும்படி. அவர் பாடகியைப் பின்தொடர்ந்து தாமதித்திருந்தால் பாட்டே கலைந்திருக்கும். இசைக்குழுவோடு ஒட்டி விறைப்பாக நடந்திருந்தால் ஹாலிடே தனித்துவிடப்பட்டிருப்பார். 'அண்டர் த போர்ட்வாக்' நிலைமை வேறு. டிரிஃப்டர்ஸ் குழுவின் முன்னணிப் பாடகர் ரூடி லூயிஸ் முந்தின நாள்தான் இறந்திருந்தார். ஒலிப்பதிவை ஒத்திவைக்காமல் ஜானி மூரைப் பாட வைத்தார்கள். பாட்டின் தொடக்கத்திலேயே பாஸ் காதில் விழுகிறது. தாளம், மனநிலை, நடையின் வேகம் எல்லாவற்றையும் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே கேட்பவருக்குச் சொல்லிவிடும் பொறுப்பு அதற்கு. அங்கே ஹிண்டன் ஸ்வரங்களைக் குட்டையாக, உருண்டையாக, இடைவெளி விட்டு வைக்கிறார். ரஸ்ஸலின் பதிவிலோ பாடகர் ஜான் ஹென்ட்ரிக்ஸின் வசனத்துக்கும் பித்தளை வாத்தியங்களின் சிக்கலான எழுத்துக்கும் அடியில் நான்கு அடி நடை இம்மியும் பிசகாமல் ஓடுகிறது. இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் பொதுவாக ஒன்று தென்படும்: ஸ்வரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள், அது எங்கே முடிய வேண்டும் என்பதில் ஹிண்டன் அவ்வளவு கவனமாக இருக்கிறார். ஸ்வரத்தின் நீளத்தை வைத்தே பாட்டின் குணத்தை அவர் தீர்மானிக்கிறார். அனுசரணை என்பதைப் பின்னால் நிற்பதாக நினைப்பவர்களுக்கு இது கேட்காது. கேட்பவருக்கு இதுவே அவருடைய கையெழுத்து.

கையெழுத்து இருந்தும் பெயர் தெரியாமல் போனதற்குக் காரணம் இசையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சனை நினைத்துப் பார்க்கலாம். பாப் இசையில் பாஸ் கிட்டாரின் இலக்கணத்தையே மாற்றிய, இரண்டு வினாடியில் அடையாளம் சொல்லக்கூடிய வாசிப்பு அவருடையது. இருந்தும் 1971இல் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரை அவருடைய பெயரை அந்த நிறுவனத்தின் பெரிய தட்டு எதுவும் உறையில் அச்சிடவில்லை. ஆக, தனி முத்திரை உள்ளவரும் மறைக்கப்பட்டார், பல குரலில் பேசத் தெரிந்தவரும் மறைக்கப்பட்டார். மறைத்தது தொழில்முறை. 'அண்டர் த போர்ட்வாக்' பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. அதற்காகப் பாஸ் கலைஞருக்கு ஒரு காசு கூடுதலாகச் சேர வழி கிடையாது. கால்ஷீட் கூலியோடு கணக்கு முடிந்தது. அந்தக் கூலி 1950களின் நடுவில் மூன்று மணி நேரத்துக்கு நாற்பது டாலரைச் சற்றே தாண்டியிருந்தது. விளம்பரப் பாட்டுக்கும் மெல்லிசைத் தட்டுக்கும் வாசித்துத் தம் கலையை அவர் வீணாக்கினார் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். காலையில் சோப்பு விளம்பரத்துக்கு வாசிக்கும் கை மாலையில் ஜாஸுக்குக் கூசும் என்பது, வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்கள் சொல்லும் வாதம். அதே இருபது ஆண்டுகளில் ஜாஸ் மட்டுமே வாசித்து நியூயார்க்கில் குடும்பம் நடத்த முயன்ற எத்தனையோ பேர் வாத்தியத்தை அடகுவைத்தார்கள் அல்லது ஊரைவிட்டுப் போனார்கள். ஹிண்டன் வாசித்துக்கொண்டே இருந்தார். வாசித்துக்கொண்டே இருந்ததால்தான் எழுபத்தேழாம் வயதில் மார்சலிஸ் தேடிவந்தபோது அவர் கை இளமையாக இருந்தது.

அவரைப் பற்றிய ஆதாரங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரே சொன்னது: 1988இல் டேவிட் பெர்கருடன் சேர்ந்து எழுதிய 'பாஸ் லைன்' என்ற தன்வரலாறும் ஏராளமான வாய்மொழிப் பேட்டிகளும். அவர் அருமையான கதைசொல்லி. கதைசொல்லிகளை வரலாற்றாசிரியர் சற்றே எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். சிகாகோவில் இளவயதில் அல் கபோனின் கள்ளச்சாராயக் கும்பலுக்குச் சரக்கு ஏற்றிப் போன வண்டி விபத்துக்குள்ளாகி, வலது கை விரல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததாகவும், அதை வெட்டி எடுக்கப்போன மருத்துவரைக் கபோனே தடுத்து விரலைக் காப்பாற்றச் சொன்னதாகவும் ஹிண்டன் சொல்வார். கபோனின் பங்கு எவ்வளவு என்பதற்கு அவருடைய சொல்லைத் தாண்டிச் சாட்சி தேடுவது கடினம். ஆனால் அவருடைய நினைவுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வலுவான சாட்சியம் நிற்கிறது. 1935இல் இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நண்பர் ஒருவர் தந்த கேமராவில் தொடங்கி, அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 படங்கள் எடுத்தார். காலோவே குழு தெற்கில் பயணம் செய்தபோது, 1940இல் அட்லாண்டா ரயில் நிலையத்தில், கறுப்பினத்தவருக்கு மட்டும் என்று எழுதிய பலகைக்கு அருகில் சக கலைஞர்கள் நிற்பதை எடுத்த படம் அவற்றில் ஒன்று. விடுதிகள் அவர்களுக்கு அறை தரமாட்டா. காலோவே அதற்காகவே தனி ரயில் பெட்டி வைத்திருந்தார். 1959இல் ஹாலிடேயின் கடைசி ஒலிப்பதிவின்போது, தளர்ந்த முகத்தோடு அவர் நின்றதையும் ஹிண்டன் எடுத்தார். 1958 ஆகஸ்டில் ஆர்ட் கேன் ஹார்லெம் தெருவொன்றில் ஐம்பத்தேழு ஜாஸ் கலைஞர்களை நிறுத்தி எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஹிண்டன் இருக்கிறார். அன்று அவர் தம் கேமராவோடு போயிருந்தார், மனைவி மோனா கையில் 8 மில்லிமீட்டர் சினிமா கேமரா. அந்தச் சுருளும் படங்களும் இல்லாவிட்டால் ஜீன் பாக் 1994இல் அந்தக் காலைப்பொழுதைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்க முடியாது.

படங்களை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு குழுவின் நடுவில் நின்று, தன்னை முன்னிறுத்தாமல், மற்ற ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதை விடாமல் கவனிப்பது பாஸ் கலைஞரின் அன்றாட வேலை. கேமராவிலும் அதே கவனம் தெரிகிறது: மேடை வெளிச்சத்தில் நிற்கும் நட்சத்திரத்தைவிட, ரயிலில் தூங்கி விழும் டிரம்பெட் கலைஞரும் இடைவேளையில் சிகரெட் பிடிக்கும் பாடகியும் அவர் படங்களில் அதிகம். சொந்தக் குரல் இல்லாதவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் இந்தப் படங்களைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்வார்களா என்பது சந்தேகம். பார்வை இருந்தது, அது எங்கும் மாறவில்லை. அந்தப் பார்வை தன்மீது திரும்பவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து இவரைப் பேசுவதும் போதாது. அதிகத் தட்டுகளில் வாசித்த பாஸ் கலைஞர் என்ற பட்டம் நெடுங்காலம் ஹிண்டனுடைய பெயரோடு ஒட்டியிருந்தது. பின்னர் ரான் கார்ட்டர் 2015 செப்டம்பர் நிலவரப்படி 2,221 ஒலிப்பதிவுகளோடு கின்னஸ் பதிவில் ஏறினார். ரான் கார்ட்டரின் கதையும் இதே பாதையைத்தான் காட்டுகிறது: செல்லோவில் தொடங்கியவர், ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பட்டம் பெற்றவர், கறுப்பினத்தவருக்குச் சிம்ஃபனி வாசல் திறக்காததால் ஜாஸுக்கு வந்தவர். அவர் பிறந்தது 1937இல். ஹிண்டனுக்கு அடுத்த தலைமுறையிலும் அதே வாசல் அப்படியே சாத்தியிருந்தது என்பதுதான் அந்த இரண்டு வாழ்க்கைகளும் சொல்லும் செய்தி. அமெரிக்கப் பாப், ஜாஸ், விளம்பர இசைக்குப் பாதி நூற்றாண்டு அடித்தளம் போட்டவர்களில் சிலர், செவ்வியல் இசைக்குழுக்கள் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியவர்கள். ஜாஸுக்கு இது லாபம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. விரும்பிய கதவு திறந்திருந்தால் அவர்கள் அங்கே என்ன வாசித்திருப்பார்கள் என்பதை இனி யாரும் கேட்க முடியாது.

ஹிண்டன் 1970களில் நியூயார்க்கின் ஹண்டர், பரூக் கல்லூரிகளில் கற்பித்தார்; 1993இல் தேசியக் கலை அறக்கட்டளை அவரை ஜாஸ் மேதையாகக் கௌரவித்தது; 2000 டிசம்பர் 19இல் குவீன்ஸில், தொண்ணூறு வயதில் காலமானார். ஜாஸ் வரலாற்று நூல்களில் அவருக்கு ஒதுக்கும் ஒரு பத்தி போதாது. காலோவே காலத்திலிருந்து மார்சலிஸ் காலம்வரை அந்த இசை எப்படி மாறியது என்பதை ஒரே மனிதரின் வலது கையில் தொடர்ந்து கேட்க வேண்டுமென்றால் ஹிண்டனைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. அந்த வரலாற்றின் நடுப்பகுதியில் வைத்து எழுத வேண்டிய பெயர் அது. அவருடைய பாஸ் வாத்தியங்களும் ஆவணங்களும் 2014இல் ஒஹாயோ மாநிலத்தின் ஓபர்லின் இசைக் கல்லூரிக்குச் சென்று சேர்ந்தன.